எப்போதும் 25 டிகிரி: கல்லிடைக்குறிச்சியில் எரிந்த ஒரு பவர் பேங்க்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தப் பவர் பேங்க்கை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். 2024 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின வாரம். திருநெல்வேலி டவுனில் வாகையடி முக்குப் பக்கம் ஒரு செல்போன் சாமான் கடை. ஒன்று 450 ரூபாய், இரண்டாக எடுத்தால் 800 என்றார் கடைக்காரர். எடுத்துவிட்டேன். ஒன்று எனக்கு, இன்னொன்று கல்லிடைக்குறிச்சியில் இருக்கிற அண்ணனுக்கு. பெட்டியில் 20000 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்கிற அளவு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஐந்து மாதம் கழித்து, அண்ணனிடம் இருந்தது ராத்திரி ஒன்றே முக்கால் மணிக்கு மெத்தையில் வைத்தபடியே எரிந்தது. என்னிடம் இருந்தது அலமாரியில் சும்மா கிடந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே கடை, ஒரே அட்டைப்பெட்டி, ஒரே நாள் வாங்கினது. எரிந்ததிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அதிகம் மிச்சமில்லை, அதனால் எரியாத இரட்டையைப் பிரித்துப் பார்த்தோம். அதில் என்ன இருந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

ஏன் வாங்கினேன் என்று கேட்டால், அப்போது எங்கள் பக்கத்தில் வாங்காத வீடு குறைவு. 2023 டிசம்பர் 17, 18 மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் நூற்றுக்கணக்கான பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அண்ணன் போன் அணைந்துபோய், அவன் குரலைக் கேட்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பயத்தில் வாங்கினது. நான் எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்தவன், பெட்டியின் பின்பக்கத்தை ஒரு தடவை படித்திருந்தால் போதும், படிக்கவில்லை.

அன்று ராத்திரி

அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். களக்காட்டில் வாழைத்தார் ஏற்றி நயினார்குளம் மார்க்கெட்டில் இறக்குவதுதான் முக்கால்வாசி ஓட்டம். பவர் பேங்க் பகல் முழுக்க வண்டியில், ராத்திரி வீட்டில். ஜூன் இரண்டாம் வாரம், சாரல் பிடித்துவிட்டது, கல்லிடையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிற அளவுக்குக் குளிர்காற்று. ராத்திரி ஒன்பது மணிக்கு பிளஸ் ஒன் படிக்கிற அவன் மகன் அதைச் சார்ஜில் போட்டு, மெத்தையில் தலையணை ஓரமாக வைத்துவிட்டுத் தூங்கிவிட்டான். மெத்தை இலவம்பஞ்சு மெத்தை. சூட்டை வெளியே விடாமல் பொத்தி வைப்பதற்கும், பிடித்தால் குப்பென்று எரிவதற்கும் அதைவிடத் தோதான சாமான் வீட்டில் கிடையாது.

மைனிதான், அதாவது அண்ணன் மனைவிதான், முதலில் விழித்தது. குக்கரில் வெயிட் தூக்குவதற்கு முன்னால் ஒரு உஸ் வருமே, அந்த மாதிரி சத்தம், கூடவே நகப்பாலிஷ் மாதிரி இனிப்பான ஒரு வாடை. எழுந்து உட்காருவதற்குள் டப் என்று ஒரு வெடி, அறை முழுக்க வெள்ளைப் புகை, அப்புறம் கேஸ் அடுப்பு மாதிரி சீறிக்கொண்டு தீ. பையனைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளியிருக்கிறார். அண்ணன் ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு அடுக்களையிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு வர, அதற்குள் எதிர்வீட்டுத் தாத்தா வாசலில் நின்று, "ஏலே, கரண்டு தீயில தண்ணிய ஊத்தாதலே, மண்ண அள்ளிப் போடு" என்று கத்தியிருக்கிறார். அண்ணன் கேட்கவில்லை, ஊற்றிவிட்டான்.

அவன் செய்ததுதான் சரி. மெயின் அணைந்த பிறகு அங்கே கரண்ட் தீ என்று ஒன்று இல்லை, எரிவது பவர் பேங்க்குக்குள் இருக்கிற பேட்டரி செல்லும் மெத்தைப் பஞ்சும். லித்தியம் என்ற பேரைக் கேட்டதும், பள்ளிக்கூடத்தில் படித்த சோடியம் தண்ணீரில் வெடிக்கிற கதை ஞாபகம் வந்து பல பேர் தண்ணீருக்குப் பயப்படுகிறார்கள். இந்த வகை லித்தியம் அயான் செல்லில் லித்தியம் உலோகக் கட்டியாக இருப்பதில்லை. தீயை அணைப்பதைவிடச் சூட்டை இறக்குவதுதான் முக்கியம், அதற்குத் தண்ணீர் நிறைய வேண்டும். மண் போட்டால் தீ கண்ணுக்கு மறையும், உள்ளே சூடு அப்படியே இருக்கும். பக்கத்துச் செல்லும் அந்தச் சூட்டில் வேகும். ஒரு குடம் பத்தவில்லை என்பதும் உடனே தெரிந்தது. அணைந்துவிட்டது என்று எல்லோரும் மூச்சு விட்டு ஏழெட்டு நிமிஷத்தில் இரண்டாவது செல் வெடித்தது. அண்ணன் மண்வெட்டியால் அதை அள்ளி முற்றத்தில் போட்டு, தண்ணி வாளிக்குள் முக்கியபிறகுதான் அடங்கியது. வாளிக்குள்ளும் ஒன்று புஸ்ஸென்றது.

சேதம்: மெத்தை, ஒரு தலையணை, பையனின் கணக்கு நோட்டு, சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஒரு சாண் அகலத்துக்கு வெடிப்பு. அண்ணனுக்கு வலது உள்ளங்கையில் கொப்புளம். பையனுக்கு இரண்டு நாள் இருமல் நிற்கவில்லை, அம்பாசமுத்திரத்தில் டாக்டரிடம் காட்டினோம், சரியாகிவிட்டது. இந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் கலந்து வரும், நுரையீரலை அரிக்கிற வாயு அது. மைனி தீயைப் பார்க்காமல் முதலில் பையனை இழுத்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

ஆளாளுக்கு ஒரு காரணம்

காலையில் முதல் பஸ் பிடித்து நான் பாளையங்கோட்டையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது வாசலில் பத்துப் பேர், பத்துக் காரணம். அண்ணனுக்குச் சந்தேகம் சார்ஜர் மேல். பையனுடைய புது போனுக்கு வந்த 33 வாட் ஃபாஸ்ட் சார்ஜரில்தான் அதைப் போட்டிருந்தான். "சின்னப் பிள்ளைக்குப் பெரிய ஆளு சோத்தைப் போட்டா வயிறு வெடிக்காம என்னலே செய்யும்" என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது, ஆனால் சார்ஜர் அப்படி வேலை செய்வதில்லை. 33 வாட் என்பது அது கொடுக்கக்கூடிய உச்சம். எதிரில் இருக்கிற சாமான் தனக்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும் என்று அதன் பாஷையில் கேட்டால்தான் ஏற்றிக் கொடுக்கும், கேட்கவில்லையென்றால் 5 வோல்ட்டோடு நின்றுகொள்ளும். பின்னால் அதே சார்ஜரில் என் பவர் பேங்க்கைப் போட்டு மீட்டர் வைத்துப் பார்த்தேன்: 5 வோல்ட், 1.4 ஆம்ப், அதற்குமேல் ஏறவில்லை. 

எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு ஈபி வோல்டேஜ் மேல் சந்தேகம். ராத்திரி கரண்ட் ஏறி இறங்கினால் முதலில் போக வேண்டியது சார்ஜர், அது இன்றைக்கும் பையன் போனுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. வேறொரு பாட்டி திருஷ்டி என்றார். புது வண்டி வாங்கின வீடு, அதை நான் மறுக்கப் போகவில்லை.

வாளியில் கிடந்ததை எடுத்துப் பார்த்தேன். நான்கு இரும்பு உருளைகள், இரண்டின் மூடி பிய்த்துக்கொண்டு போயிருந்தது. உருகிப்போன பிளாஸ்டிக். கருகின ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. கூடவே விரல் நீளத்துக்கு இரண்டு தகடு. அந்தத் தகடு எதற்கு என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

அண்ணன் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னான்: "உப்பவே இல்லையேடா. உப்பியிருந்தா நானே தூக்கிப் போட்ருப்பேன்லா." போன் பேட்டரி உப்பினால் ஆபத்து என்பது இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும், அந்த அறிவே இங்கே அவனை ஏமாற்றிவிட்டது. உப்புவது பை மாதிரி மெல்லிய உறையில் வரும் பாலிமர் செல். இதில் இருந்தவை 18650 வகை, 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், இரும்புக் கூட்டுக்குள் அடைத்தது. உள்ளே வாயு சேர்ந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது, தாங்குகிற வரை தாங்கிவிட்டு வாய் வழியாகச் சீறும். மைனிக்குக் கேட்ட உஸ் அதுதான்.

சரி, வேறு எதுவும் வித்தியாசமாக இருந்ததா என்று கேட்டேன். யோசித்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னான். ஒன்று, கடைசி ஒரு மாதமாக, ஃபுல்லாகச் சார்ஜ் போட்டு இரண்டு நாள் தொடாமல் வைத்தாலும் நாலு லைட் ஒரு லைட்டாக இறங்கிவிடுமாம். இன்னொன்று, ராத்திரி முழுக்கச் சார்ஜில் கிடந்தாலும் காலையில் நாலாவது லைட் மின்னிக்கொண்டேதான் இருக்குமாம், நிலைத்து எரிவதே இல்லையாம். "மட்டமான சாமான், அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்." இந்த இரண்டையும் அவன் ஒரு வார்த்தை போனில் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே அதை வெளியே வைக்கச் சொல்லியிருப்பேன். நான்தான் கேட்டதில்லை.

இரட்டையைப் பிரித்தது

ஜங்ஷனில் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி எனக்குப் பழக்கம். என் பவர் பேங்க்கை அவனிடம் கொண்டுபோனேன். பிரிப்பதற்கு முன்னால் அளந்துவிடலாம் என்றான். முழுக்கச் சார்ஜ் ஏற்றினோம், மூன்றரை மணி நேரம் ஆயிற்று. அப்புறம் யூஎஸ்பி மீட்டர் வைத்து, 1 ஆம்ப் லோடு போட்டு, தானாக அணையும் வரை இறக்கினோம். மீட்டர் காட்டியது 3400 எம்ஏஎச்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்களும் இதில்தான் குழப்பி விடுகிறார்கள். பெட்டியில் போடுகிற எம்ஏஎச் செல்லின் 3.7 வோல்ட்டில் எண்ணினது. நமக்கு வெளியே வருவது 5 வோல்ட்டில். 20000 எம்ஏஎச் என்றால் 20 ஆம்ப்-அவர், 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட்-அவர், அதுதான் உள்ளே இருக்கிற மொத்தச் சக்தி. அதை 5-ஆல் வகுத்தால் 14.8 ஆம்ப்-அவர், அதாவது 14800 எம்ஏஎச், மாற்றுகிற போர்டில் சூடாகப் போகிற நஷ்டம் கழித்தால் நல்ல சரக்கே 12000 சொச்சம்தான் தரும். ஆகையால் 20000 போட்டு 12000 வந்தால் யாரும் ஏமாற்றவில்லை. ஒழுங்கான கம்பெனிகள் பெட்டியில் இரண்டு எண்ணையும் போடுகின்றன, செல் அளவு தனியாக, வெளியே வரும் அளவு தனியாக. நமக்கு வந்தது 3400, அதாவது 17 வாட்-அவர். 5000 எம்ஏஎச் பேட்டரி போட்ட ஒரு சாதாரண போனை ஒரு தடவை முழுக்க நிரப்பவே இது காணாது. கடையில் என்னிடம் சொன்னது, "நாலு தடவை ஏத்தலாம் சார்."

அப்புறம் பிரித்தோம். மூடியைப் பிளேடால் நெம்பியதும் தம்பி சிரித்துவிட்டான். "அண்ணாச்சி, இரும்பு வியாபாரம்லா பண்ணியிருக்கான்!" செல்லுக்குப் பக்கத்தில் பசை போட்டு ஒட்டின இரண்டு இரும்புத் தகடு. வாளியில் பார்த்த அதே தகடு. வெறுமனே கனம் காட்டுவதற்கு. பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம்: மொத்தம் 310 கிராம், அதில் தகடு மட்டும் 80. கையில் கனமாக இருந்தால் நல்ல சரக்கு என்று நாம் நினைப்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. காந்தம் வைத்துப் பார்த்தால் கண்டுபிடிக்கலாமே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 18650 செல்லின் கூடே இரும்புதான், நல்லதிலும் ஒட்டும்.

செல் நான்கு. நல்ல கம்பெனிகளின் 18650 செல்லே சாதாரணமாக 3500 எம்ஏஎச் அளவோடு நின்றுவிடும். நாலு பெருக்கல் 3500, மிஞ்சிப்போனால் 14000. ஆக, உலகத்தில் கிடைக்கிற உயர்ந்த சரக்கைப் போட்டிருந்தால்கூட இந்தக் கூட்டுக்குள் 20000 வராது. இதில் போட்டிருந்ததோ பழைய செல். மேலே நீல நிறத்தில் புது உறை, அதைக் கிழித்தால் உள்ளே ஒன்று ஊதா, ஒன்று பச்சை, இரண்டு சாம்பல். முனைகளில் பழைய நிக்கல் பட்டையைப் பிய்த்த தழும்பு, ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளோடு. ஏதோ பழைய லேப்டாப் பேட்டரியில் உழைத்து ஓய்ந்தவை, தம்பிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்தத் தழும்பின் மேலேயே சால்டரிங் அயர்னை வைத்து வயரை ஒட்டியிருந்தார்கள். செல் முனையில் நேராகச் சூடு வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் வாரமே சொல்லித் தருகிற பாடம், அதனால்தான் செல்லில் பட்டையை நொடிக்குள் முடிகிற ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டுகிறார்கள்.

நாலையும் தனித்தனியாகக் கழற்றி அளந்தோம், இரண்டு நாள் பிடித்தது. 1950, 1720, 1180, 640. கூட்டினால் 5490. பெட்டியில் போட்ட எண்ணில் நாலில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

அளவு குறைந்ததைவிட எனக்குப் பயமாக இருந்தது அந்த 640. நாலு செல்லும் பக்க இணைப்பில், அதாவது பாசிட்டிவ் எல்லாம் ஒன்றாக, நெகட்டிவ் எல்லாம் ஒன்றாகக் கட்டியிருந்தது. ஒரே வயசு, ஒரே தெம்பு உள்ள செல்களை இப்படிக் கட்டினால் பிரச்சினை இல்லை. நொண்டி மாட்டையும் நல்ல மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டின மாதிரி இப்படிக் கலந்து கட்டினால், நொண்டி செல் உள்ளுக்குள் லேசாக ஷார்ட் ஆன அன்றைக்கு, மற்ற மூன்றும் தங்களிடம் இருப்பதையெல்லாம் அதற்குள் கொட்டும். நடுவில் ஃப்யூஸ் என்று ஒன்று இருந்தால் அறுத்துக்கொள்ளும். இதில் இல்லை.

போர்டைத் தம்பி பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துக் காட்டினான். சார்ஜ் ஏற்றி இறக்குகிற முக்கியமான ஐசி, அதாவது சிப், இருந்தது, வேலையும் செய்தது. ஆனால் 4.20 வோல்ட்டில் நிறுத்த வேண்டியது 4.27 வரை ஏற்றிக்கொண்டிருந்தது, கிழட்டுச் செல்லுக்கு இது நல்லதில்லை. தனியாகப் பாதுகாப்புக்கென்று ஆறு கால் உள்ள டிடபிள்யூ01 மாதிரி ஒரு சின்ன ஐசியும், அது சொன்னபடி கரண்ட்டை வெட்டுகிற சுவிட்சாக ஒரு மாஸ்ஃபெட்டும் போடுவார்கள். வோல்டேஜ் மீறினாலோ ஷார்ட் ஆனாலோ அது வெட்டிவிடும். போர்டில் அதற்கு இடம் விட்டிருந்தது, ஈயம்கூடப் பூசியிருந்தது, ஐசி மட்டும் இல்லை, அந்த இடத்தைத் தாண்டி ஒரு துண்டு வயரைப் போட்டு இணைத்திருந்தார்கள். மொத்தமாக வாங்கினால் சில ரூபாய்க்குள் முடிகிற சாமான். டிசைன் போட்டவனுக்குத் தெரிந்திருக்கிறது, கட்டினவன் மிச்சம் பிடித்துவிட்டான்.

அப்புறம்தான் ஒரு ரெசிஸ்டரை, அதாவது மின்தடையை, பார்த்தோம். நல்ல பவர் பேங்க்கில் செல்லை ஒட்டினாற்போல ஒரு தெர்மிஸ்டர் இருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், அதை வைத்து ஐசி செல்லின் சூட்டைத் தெரிந்துகொள்ளும், 45 டிகிரி வாக்கில் சார்ஜை நிறுத்திவிடும். பரவலாக இருக்கிற தெர்மிஸ்டர் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும். நம்முடைய போர்டில் தெர்மிஸ்டர் வயர் வர வேண்டிய இடத்தில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு சாதாரண ரெசிஸ்டர், கறுப்பு முதுகில் வெள்ளையாக 103 என்று எழுதியிருந்தது. 103 என்றால் 10 கிலோ ஓம். அதாவது ஐசி எந்த நேரத்தில் கேட்டாலும், எந்த வெயிலில் கேட்டாலும், பக்கத்தில் செல் வெந்துகொண்டிருக்கும்போதே கேட்டாலும், அதற்குக் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: 25 டிகிரி. பாளையங்கோட்டையில் மே மாதம் 25 டிகிரி!

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பெட்டிக்கு வெளியே நமக்கு 20000 என்று ஒரு பொய், பெட்டிக்கு உள்ளே ஐசிக்கு 25 டிகிரி என்று ஒரு பொய். தெர்மிஸ்டர் போடாமல் விட்டால் ஐசி சந்தேகப்பட்டுச் சார்ஜே ஏற்றாமல் நின்றிருக்கும், அதனால் வாயை அடைக்க ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். தெரியாமல் செய்த வேலை என்று இதை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்படியானால் என்னுடையது ஏன் எரியவில்லை

இரண்டும் ஒரே கருவில் பிறந்தவை, வளர்ந்தது வேறு வேறு. என்னுடையதை ஐந்து மாதத்தில் நான் மொத்தம் ஏழெட்டுத் தடவை சார்ஜ் போட்டிருப்பேன். அண்ணனுடையது தினசரி ஓடியது. அதுவும் எங்கே? லோடு ஆட்டோ டேஷ்போர்டில், கண்ணாடிக்கு அடியில். வெயிலில் நிறுத்தின வண்டியில் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், அக்னி நட்சத்திரத்தில் கேட்க வேண்டாம். மார்க்கெட்டில் தார் இறக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். போதாததற்கு, வண்டியில் இருக்கும் 12 வோல்ட் சார்ஜரில் அதை அங்கே வைத்தபடியே சார்ஜும் ஏற்றியிருக்கிறான். தெர்மிஸ்டர் இருந்திருந்தால் அந்த மே மாதம் முழுக்கப் பகலில் சார்ஜே ஏறியிருக்காது, அவனும் "ஏறமாட்டேங்கு" என்று என்னிடம் சலித்துக்கொண்டிருப்பான், கதை அதோடு முடிந்திருக்கும். இங்கே ஐசி 25 டிகிரி என்று நம்பி ஏற்றிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை வண்டியிலிருந்து தார்ரோட்டில் விழுந்ததாகவும் சொன்னான்.

அதன்பிறகு நடந்ததை அவன் சொன்ன இரண்டு அறிகுறியே சொல்லிவிடுகிறது. சும்மா வைத்தாலே இரண்டு நாளில் இறங்குகிறது என்றால் ஏதோ ஒரு செல்லுக்குள் கசிவு, சிறிய ஷார்ட். செல்லுக்குள் இரண்டு முனைகளையும் பிரித்து வைப்பது தலைமயிரைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம், வெயிலிலும் அதிக வோல்டேஜிலும் வதங்கின செல்லில் அந்தப் படலத்தைத் துளைத்துக்கொண்டு லித்தியம் முள் மாதிரி வளரும். நாலாவது லைட் நிலைத்து எரியவே இல்லை என்பதற்கும் அதுதான் அர்த்தம். சார்ஜ் முடிகிற நேரத்தில் கரண்ட் படிப்படியாகக் குறைந்து ஒரு அளவுக்குக் கீழே வந்தால்தான் ஐசி நிறைந்துவிட்டது என்று நிறுத்தும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்தால் எப்போது நிறையும்? உள்ளே கசிகிற அளவுக்கு வெளியிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கும், கசிவது அத்தனையும் சூடாக மாறும். என்னுடையது மூன்றரை மணி நேரத்தில் நிறைந்தது. அன்று ஒன்பது மணிக்குப் போட்டது பன்னிரண்டரைக்கு அடங்கியிருக்க வேண்டும். ஒன்றே முக்கால் வரை ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது, இலவம்பஞ்சுக்குள் பொதிந்தபடி. அந்தப் பிளாஸ்டிக் படலம் 130 டிகிரி வாக்கில் உருகும். அதற்குப் பிறகு சூட்டை ஏற்ற சார்ஜர் தேவையில்லை, செல்லே தன்னை எரித்துக்கொள்ளும், பக்கத்தில் உள்ளதையும் இழுத்துக்கொள்ளும்.

முந்தின ஒரு மாதமும் அதே மெத்தையில்தான் சார்ஜில் கிடந்தது. அன்றைக்கு ஏன் என்றால், அன்றைக்குப் படலம் விட்டுக்கொடுத்தது, வேறு விசேஷம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. நெல்லை எக்ஸ்பிரஸில் அப்பர் பெர்த்தில் தலைமாட்டில் பவர் பேங்க்கை வைத்து, போனைச் சொருகி, போர்வையால் மூடிக்கொண்டு தூங்குகிறவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஒருவரை எழுப்பியே சொல்லியிருக்கிறேன், திட்டு வாங்கினேன்.

கடையும் பெட்டியும்

பவர் பேங்க்குக்கு நம் நாட்டில் கட்டாயப் பதிவு உண்டு. 2012-இல் மத்திய அரசு மின்னணுப் பொருள்களுக்குக் கொண்டுவந்த கட்டாயப் பதிவு ஆணையில் பின்னால் இதையும் சேர்த்தார்கள். பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிந்து, ஆர் என்ற எழுத்தும் எட்டு இலக்கமும் கொண்ட ஒரு எண்ணைப் பொருளின் மேலேயே அச்சிட வேண்டும். என் பெட்டியிலும் அப்படி ஒரு எண் இருந்தது, நான் அசந்துபோனேன். பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் அது வேறு ஏதோ கம்பெனியின் சார்ஜர் அடாப்டருக்குக் கொடுத்த எண். எங்கேயோ பார்த்துக் காப்பி அடித்திருக்கிறார்கள். இதைச் சரிபார்க்க எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. கடையில் நின்றபடியே செய்திருக்கலாம்.

கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். "அண்ணாச்சி, உங்ககிட்ட வாங்கினது வீட்ல தீப்பிடிச்சுட்டு" என்றதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "யாருக்கும் ஒண்ணும் ஆகலயே?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் சுதாரித்துக்கொண்டு, "பில்லு வச்சிருக்கியளா?" என்றார். இல்லை, வாங்கும்போது அவர் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சென்னையிலிருந்து பெட்டி பெட்டியாக வருகிறது, ஒரு பீஸுக்கு அறுபது ரூபாய் நிற்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றார். பெட்டியில் தயாரித்தவன் பேர் இருந்தது, விலாசம் இல்லை. மிச்சம் இருந்த பதினோரு பீஸையும் என் கண்முன்னால் எடுத்து உள்ளே வைத்தார். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது ஒன்றும் தொங்கவில்லை, அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

விலை குறைந்த எல்லாமே இப்படி என்று நான் சொல்ல மாட்டேன், விலை கூடினதெல்லாம் பத்திரம் என்றும் சொல்ல மாட்டேன். 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7-ஐ பேட்டரிக் கோளாறால் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். 2025 ஜூனில் ஆங்கர் கம்பெனி அமெரிக்காவில் மட்டும் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பவர் பேங்க்குகளைத் தீப்பிடிக்கும் ஆபத்து என்று திரும்பக் கேட்டது. பெரிய கைகளுக்கும் சறுக்கும். ஆனால் அங்கே மாடல் எண் இருந்தது, சீரியல் எண் இருந்தது, உன் கையில் இருப்பது கோளாறுள்ளதா என்று பார்த்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. என்னுடைய பவர் பேங்க்கை யார் திரும்பக் கேட்பார்கள்? அந்தச் சரக்கில் எத்தனை பீஸ் திருநெல்வேலியில் விற்றது, எத்தனை வீட்டுத் தலைமாட்டில் கிடக்கிறது என்று அந்தக் கடைக்காரருக்கே கணக்குக் கிடையாது.

சொந்தக்காரர்கள் இப்போது வாங்குவதற்கு முன்னால் எனக்குப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். நான் பார்ப்பது முதலில் விலையையும் எண்ணையும் சேர்த்துத்தான். சில்லறையில் நான் வாங்கின வரை ஒரு நல்ல 18650 செல் 150 ரூபாய்க்குக் கீழே கிடைத்ததில்லை, 20000-க்கு அப்படி ஆறு வேண்டும், செல்லுக்கு மட்டுமே 900. மொத்த விலை, பாலிமர் செல் என்று எவ்வளவு தள்ளிக் கழித்தாலும் 400 ரூபாய்க்கு அது ஆகிற காரியமில்லை. அதற்குப் பதிலாக, அறியப்பட்ட கம்பெனியின் 10000 எம்ஏஎச் ஒன்றை வாங்கு, வெளியே வரும் அளவு பெட்டியில் போட்டிருக்கிறதா பார், ஆர் எண்ணைச் செயலியில் தட்டு, பில் கேள் என்பேன். கையில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், முழுக்க ஏற்றி இரண்டு நாள் தொடாமல் வைத்துப் பார்க்கச் சொல்வேன். லைட் இறங்கியிருந்தால் யோசிக்க வேண்டாம். மைனியின் தங்கை வீட்டில் அப்படி ஒன்று சிக்கியது, வேறு கடையில் வாங்கினது. தம்பி அதையும் பிரித்தான். அதில் தகடுக்குப் பதில் மணல் பொட்டலம்.

அண்ணன் இப்போது 10000 எம்ஏஎச் ஒன்று வைத்திருக்கிறான், சீட்டுக்கு அடியில் துணிப்பையில். ராத்திரி சார்ஜ் போடுவதில்லை, வண்டியைக் கழுவுகிற நேரத்தில் திண்ணையில், வெறும் தரையில் வைத்துப் போடுகிறான். என்னுடைய இரட்டையில் இருந்த நாலு செல்லையும் தம்பி பல்பு போட்டு முழுக்க இறக்கி, முனைகளில் டேப் சுற்றி, அவன் கடைக்கு மாதம் ஒருமுறை வந்து பழைய பேட்டரி எடுத்துப்போகிறவரிடம் கொடுத்துவிட்டான். அந்த இரண்டு இரும்புத் தகட்டை நான் கல்லிடைக்குறிச்சிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். மைனி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கா நானூறு ரூவா கொடுத்தீங்க கொழுந்தனாரே?" என்றார். வெடித்த தரையைப் பூசின பிறகு அந்த அறையில் தையல் மிஷின் ஒரு பக்கம் ஆடிக்கொண்டே இருந்தது. இப்போது அந்தத் தகடு இரண்டும் அதன் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.